மூன்றாவது ஆளாக வந்தவள்

'யோகோ சுனோ' என்ற பெல்ஜியச் சித்திரக்கதைத் தொடரை நான் படித்த வரிசையே தலைகீழ். அதற்கு நான் மட்டும் பொறுப்பில்லை. ஆங்கிலத்தில் இந்தத் தொடரைக் கொண்டுவந்த சினிபுக் நிறுவனம் 2007-இல் முதல் புத்தகம் என்று போட்டது, பிரெஞ்சு மூலத்தில் ஏழாவது ஆல்பம், அதாவது ஏழாவது சித்திரக்கதைப் புத்தகம். இரண்டாவதாகப் போட்டது பதினொன்றாவது ஆல்பம். உண்மையான முதல் ஆல்பம் ஆங்கிலத்தில் ஏழாவது எண்ணோடுதான் வந்து சேர்ந்தது. அதனால் யோகோ எனக்குப் பழக்கமானபோதே அவள் முழுசாக வளர்ந்துவிட்ட நாயகி. விமானம் ஓட்டுகிறாள், ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை தெரிகிறது, யாருக்கும் திறக்காத இயந்திரத்தின் மூடியைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறாள், கூட வரும் இரண்டு ஆண்களும் அவள் முடிவெடுக்கக் காத்திருக்கிறார்கள். இவள் இப்படித்தான் பிறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்த முதல் ஆல்பம் கைக்கு வந்தது. 'விசித்திர மூவர்' என்று வைத்துக்கொள்ளலாம். திறந்தால், கதை யோகோவிடம் தொடங்கவே இல்லை. விக் என்கிற தொலைக்காட்சிக்காரனும் அவனுடைய கேமராக்கார நண்பன் போலும் ராத்திரி நேரத்தில் ஒரு உருவம் கட்டடத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைவதைப் பார்க்கிறார்கள், பின்தொடர்கிறார்கள். அந்த உருவம்தான் யோகோ. திருட வரவில்லை, அந்த நிறுவனத்தின் பாதுகாப்பு ஏற்பாடு எவ்வளவு தேறும் என்று சோதித்துச் சொல்லும் வேலையை அவளிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். விக் அசந்துபோய், எங்கள் குழுவில் ஒலிப்பதிவுக்கு ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்கிறான். அவ்வளவுதான். நாயகி கதைக்குள் வருவது வேலைக்குச் சேர்ந்துதான், அதுவும் மூன்றாவது ஆளாக!

இது சும்மா கதைக்காகச் செய்த தந்திரம் என்று முதலில் நினைத்தேன். இல்லை. அவளைப் படைத்தவருக்கே அவள் மூன்றாவது ஆளாகத்தான் தோன்றியிருக்கிறாள்.

ரோஜே லெலூ 1933-இல் பெல்ஜியத்தின் கிழக்கில் உள்ள வெர்வியே நகரத்தில் பிறந்தவர். அதே ஊரில் இருந்த ஜாக் மார்த்தான் என்ற சித்திரக்கதை ஆசிரியரிடம் வண்ணம் பூசும் வேலைக்குச் சேர்கிறார். ரோமானியர் காலத்தில் நடக்கும் 'அலிக்ஸ்' தொடரின் மார்த்தான்தான் இவர். 1950-களின் தொடக்கத்தில் மார்த்தான் பிரஸ்ஸல்ஸில் இருந்த எர்ஜேயின் ஸ்டூடியோவுக்குப் போக, லெலூவும் கூடவே போகிறார். எர்ஜே யார் என்று சொல்லத் தேவையில்லை, டின்டினின் தகப்பன். அங்கே 1969 கடைசி வரை, பதினைந்து வருஷத்துக்கு மேல், லெலூ செய்த வேலை பின்னணி வரைவது. கட்டடம், கார், ரயில், எல்லாவற்றுக்கும் மேல் விமானம். மனிதருக்கு ஆட்டோக்காரர்கள் வண்டியைப் பார்ப்பது போல விமானத்தைப் பார்க்கும் கண், சொந்தமாக மாதிரி விமானங்கள் செய்து பறக்கவிடும் பைத்தியம் வேறு.

டின்டின் படித்தவர்களுக்கு 'சிட்னி செல்லும் 714-ஆம் விமானம்' ஞாபகம் இருக்கும். அதில் லாஸ்லோ கரெய்தாஸ் என்ற கஞ்சக் கோடீஸ்வரனுக்குச் சொந்தமாக ஒரு ஜெட் வருமே, இறக்கைகளைப் பின்னால் மடக்கிக்கொண்டு ஒலியைவிட வேகமாகப் போகும் கரெய்தாஸ் 160. அதை வடிவமைத்தது லெலூதான். நிஜத்தில் அப்படி ஒரு விமானம் கிடையாது, ஆனால் படத்தைப் பார்த்தால் நாளைக்கே தொழிற்சாலையில் செய்யக் கொடுத்துவிடலாம் போல இருக்கும். 1960-களின் நடுவில் 'கறுப்புத் தீவு' கதையை முழுசாகத் திருப்பி வரைந்தபோது அதில் வரும் விமானங்களும் அவர் கைவண்ணம்தான். அட்டையில் பெயர் மட்டும் எர்ஜேயுடையது. பதினைந்து வருஷம் இப்படி இன்னொருவர் பெயருக்குக் கீழே, யாரும் ஏறாத விமானங்களையும் ஆளில்லாத அறைகளையும் வரைந்துகொண்டிருந்த மனிதர் இவர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு யோகோவைப் பார்த்தால் பல விஷயங்கள் விளங்குகின்றன.

சரி, யோகோ எங்கே வந்தாள்? 'ஸ்மர்ஃப்' புகழ் பெயோவிடம் 'ஜாக்கியும் செலஸ்தானும்' என்று ஒரு பழைய தொடர் இருந்தது. இரண்டு பையன்கள், துப்பறியும் சாகசம், வழக்கமான சரக்கு. அதற்கு மறுபடி உயிர் கொடுக்கும் பேச்சு 1968 வாக்கில் வந்தபோது, லெலூ அந்த இரண்டு பையன்களோடு துணைக்கு ஒரு ஜப்பானியப் பெண்ணைச் சேர்த்துப் பார்த்தார். மின்னணுப் பொறியாளர். கடைசியில் அந்தத் திட்டம் அப்படியே நடக்கவில்லை, லெலூ சொந்தமாகவே ஒரு தொடர் தொடங்கினார். ஜாக்கி விக் ஆனான், செலஸ்தான் போல் ஆனான். யோகோ யோகோவாகவே இருந்தாள். அந்த மூவரில், இன்னொருவருடைய தொடரிலிருந்து பெயர் மாற்றிக் கொண்டுவந்த பொருளாக இல்லாமல் லெலூவின் சொந்தச் சரக்காக இருந்தது அவள் ஒருத்திதான். தொடர் அவள் பக்கம் சாய்ந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

1970 செப்டம்பர் 24-ஆம் தேதி 'ஸ்பிரூ' வார இதழில் அவள் முதன்முதலாக வந்தாள். அது ஒரு குட்டிக்கதை. ஆரம்பத்தில் லெலூவுக்குக் கதை கட்டுவதில் அவ்வளவு தைரியம் இல்லை போல, மொரீஸ் தில்யூ என்கிற துப்பறியும் கதை மன்னர் கைகொடுத்தார். அந்தக் குட்டிக்கதைகளை 1974-இல் நான்காவது ஆல்பமாகத் தொகுத்தார்கள். உண்மையைச் சொன்னால் அவை சுமார்தான். வேகம் இருக்கிறது, நகைச்சுவை இருக்கிறது, ஆனால் யோகோ இருந்த இடத்தில் வேறு யாரை வைத்திருந்தாலும் ஓடியிருக்கும். 1971-இல் 'விசித்திர மூவர்' தொடராக வந்தபோதுதான் லெலூ தனியாக நின்றார், கதையும் அவரே, படமும் அவரே. அடுத்த வருஷம் டுப்புயி பதிப்பகம் அதை ஆல்பமாகப் போட்டது.

அந்த வருஷங்களில் ஒரு பெண்ணை நாயகியாக வைப்பது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். பிரான்சில் 1949 ஜூலையில் சிறுவர் பத்திரிகைகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. ஒழுக்கத்துக்குக் கேடு என்று படுவதைக் கண்காணிக்க ஒரு குழு. சட்டம் பிரான்சுடையது, ஆனால் பெல்ஜியப் பதிப்பாளர்களின் பெரிய சந்தையே பிரான்சுதானே, அங்கே நுழைவு கிடைக்காவிட்டால் கடையைச் சாத்தவேண்டியதுதான். அதனால் சர்ச்சையே வேண்டாம் என்று பெண்களையே வரையாமல் விட்டார்கள். வரைந்தால் கிழவி, அம்மா, வீட்டுக்காரம்மா, இல்லையென்றால் சிரிப்புக்கு. டின்டினில் கடைசிவரை மனதில் நிற்கிற ஒரே பெண், கண்ணாடி உடைய உடையப் பாடும் காஸ்டாஃபியோரே. விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 'ஸ்பிரூ' இதழுக்குப் பெயர் கொடுத்த நாயகன் ஸ்பிரூவின் கதைகளில் பிராங்கன் என்ற ஓவியர் 1953-இலேயே செக்கோத்தீன் என்ற பெண் பத்திரிகையாளரைக் கொண்டுவந்தார், எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் அவள் அவ்வப்போது வந்து ஆண்களைக் கடுப்பேற்றிவிட்டுப் போகிறவள், தொடர் அவளுடையது இல்லை.

1960-களின் கடைசியில் கட்டு தளர்ந்தது. 1970 பிப்ரவரியில் அதே 'ஸ்பிரூ'வில் நட்டாஷா வந்தாள், விமானப் பணிப்பெண், வால்தெரி வரைந்தது. ஏழு மாதம் கழித்து யோகோ. ஒரே இதழ், ஒரே வருஷம், இரண்டு நாயகிகள். நட்டாஷாவைக் குறை சொல்லவில்லை, கதைகள் ஜாலியாக இருக்கும். ஆனால் அவளை வரைகிற பேனா எங்கே நிற்கிறது, எதைப் பார்க்கிறது என்பது ஒவ்வொரு கட்டத்திலும் தெரியும். யோகோவை வரைகிற பேனா அவள் கையில் இருக்கிற கருவியைப் பார்க்கிறது. அவள் ஒரு பலகையைத் திறக்கிறாள் என்றால் திருகாணி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருகுகிறாள் என்பது வரைக்கும் இருக்கும். விமானத்துக்கு ஒரு விமானி வேண்டும் என்று பதினைந்து வருஷம் காத்திருந்த மனிதருக்கு விமானி கிடைத்துவிட்டாள். இது என் ஊகம்தான், ஆனால் இந்த ஊகத்தை நான் விடுவதாக இல்லை.

(இடையில் ஒரு விஷயம். வெர்வியேவிலிருந்து ரொம்பத் தூரமில்லாத ஹெர்ஸ்டாலில், எஃப்.என். ஆயுதத் தொழிற்சாலையில், 1966-இல் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு பல வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். லெலூவுக்கும் அதற்கும் தொடர்பு இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. அந்த வட்டாரத்தில் பெண்களும் இயந்திரங்களும் ஒன்றாகச் செய்தித்தாளில் வந்துகொண்டிருந்த காலம் அது, அவ்வளவுதான்.)

முதல் ஆல்பத்தில் மூவரும் நிலத்தடி ஆறு ஒன்றைப் படம்பிடிக்க இறங்கி, பூமியின் வயிற்றுக்குள் குடியிருக்கும் நீலத் தோல்காரர்களிடம் மாட்டிக்கொள்கிறார்கள். வினேயா என்ற தூரத்துக் கிரகத்திலிருந்து தப்பி வந்தவர்கள். அவர்களை ஆட்டிவைப்பது ஒரு ராட்சசக் கணினி. அங்கே கானி என்ற பெண் யோகோவுக்குத் தோழியாகிறாள். கானிக்கு போக்கி என்று ஒரு தங்கை. தங்கை என்றா சொன்னேன், இரட்டைப் பிறவி. உறைநிலைத் தூக்கத்திலிருந்து கானியை முன்னாலேயே எழுப்பிவிட்டதால் அவள் வளர்ந்து பெரியவளாகிவிட்டாள், போக்கி இன்னும் சின்னக் குழந்தை. தன் இரட்டையையே தாய் போல வளர்க்கும் பெண்! எட்டு வயது வாசகனுக்கு எழுதும் கதையில் இப்படி ஒரு உறவைப் போகிற போக்கில் வைத்துவிட்டுப் போகிறார். கதை ஓடும்போது விக்தான் தலைவன் மாதிரி பேசிக்கொண்டிருப்பான், ஆனால் கவனித்துப் பாருங்கள், கணினியிடம் போகிறவள் யோகோ, கானியின் நம்பிக்கையைப் பெறுகிறவள் யோகோ. கடைசிப் பக்கம் வருவதற்குள் நாயகன் பதவி சத்தமே இல்லாமல் கைமாறிவிட்டது. விக்குக்கும் அதில் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை.

படங்களிலும் இந்த மாற்றம் தெரியும். முதல் இரண்டு மூன்று ஆல்பங்களில் மனிதர்கள் பாதி கேலிச்சித்திரம். போலுக்கு மூக்கு உருண்டை, சாப்பாட்டுராமன், பயந்தாங்கொள்ளி. யோகோவின் முகமும் பொம்மை மாதிரி வட்டமாக இருக்கும். பின்னணியோ அச்சு அசல். எர்ஜேயிடம் கற்ற கை பின்னணியில் ஓடுகிறது, மார்சினெல்காரர்களின், அதாவது 'ஸ்பிரூ' இதழ் ஓவியர்களின், பாணி மனிதர்களில் ஓடுகிறது, இரண்டும் ஒட்டவில்லை. 1970-களில் ஆல்பத்துக்கு ஆல்பம் மனிதர்கள் பின்னணியை நோக்கி நகர்கிறார்கள், முகம் நீள்கிறது, உடம்புக்கு எடை வருகிறது. 1977-இல் வந்த 'வாழ்வின் எல்லையில்' ஆல்பத்தில் இரண்டும் சேர்ந்துவிட்டன. நான் முதலில் படித்தது அதுதான், இன்றைக்கும் எனக்கு அதுதான் உச்சம்.

ஜெர்மனியில் ரோத்தன்பர்க் என்று ஒரு பழைய மதில் சூழ்ந்த ஊர். அங்கே யோகோவின் தோழி இங்கிரிட், இரவில் யாரோ வந்து ரத்தம் குடிப்பது போல நாளுக்கு நாள் வெளிறிப்போகிறாள். இங்கிரிட் ஏற்கெனவே இரண்டாவது ஆல்பத்தில், ரைன் நதியில் மூழ்க இருந்து யோகோ காப்பாற்றிய ஆர்கன் இசைக்கலைஞர். சரி, ரத்தக்காட்டேரிக் கதை என்று உட்கார்ந்தால், அது 1945 மார்ச் 31-ஆம் தேதிக்குப் போய் நிற்கிறது. அன்றைக்கு ரோத்தன்பர்க் மீது நிஜமாகவே குண்டு போட்டார்கள், ஊரில் கணிசமான பகுதி அழிந்தது. அந்தக் குண்டில் செத்த ஒரு சின்னப்பெண்ணை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருக்கும் ஒருவரின் கதையாக அது மாறுகிறது. மேலே சொன்னால் கெட்டுவிடும். எதிராளியை அடித்து வீழ்த்தி முடிக்க வேண்டிய இடத்தில் யோகோ நின்று, அந்த ஆள் என்ன செய்யப் பார்க்கிறார் என்று கேட்கிறாள், கேட்டுவிட்டு உதவவும் செய்கிறாள். அவளுடைய பொறியியல் அறிவும் இரக்கமும் ஒரே வேலையில் இறங்குகின்றன. இதைச் செய்த சாகச நாயகன் ஒருவன் பெயரை அந்தக் காலத்துப் பத்திரிகைகளிலிருந்து சொல்லுங்கள் பார்ப்போம்.

அவள் வளர்ந்தது சண்டையில் கிடையாது என்பதுதான் நான் இவ்வளவு நேரம் சொல்லவந்தது. ஐகிடோ முதல் ஆல்பத்திலேயே முழுசாகத் தெரியும், அதற்குமேல் கற்க ஒன்றும் இல்லை. அவளைச் சுற்றி ஆட்கள் சேர்கிறார்கள், அதில்தான் வளர்கிறாள். 1979-இல் 'காற்றின் மகள்' அவளை ஜப்பானுக்குக் கூட்டிப்போகிறது, புயலை உண்டாக்கும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டும் அப்பா வருகிறார், அப்போதுதான் இவளுக்கும் குடும்பம் என்று ஒன்று இருப்பது உறைக்கிறது. 1981-இல் 'காலச் சுருள்', 3872-ஆம் ஆண்டிலிருந்து தனியாகக் கால இயந்திரத்தில் வந்திறங்கும் மோன்யா என்ற சிறுமி. பூமியே அழிந்துபோன எதிர்காலத்திலிருந்து வருகிறவள். வந்தவள் திரும்பிப் போகவில்லை, யோகோவோடு தங்கிவிட்டாள். 1986-இல் ஹாங்காங். ராட்சசப் பல்லி, இயந்திர டிராகன் என்று ஒரே அமர்க்களமான கதைக்குள் தாத்தாவோடு வாழும் ஒரு சின்னப்பெண், பெயர் 'அதிகாலைப் பனித்துளி'. யோகோ அவளைத் தத்தெடுத்துக்கொள்கிறாள். லெலூவும் நிஜ வாழ்க்கையில் கொரியாவிலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தவர். அது தெரிந்த பிறகு அந்த ஆல்பத்தின் கடைசிப் பக்கங்களை என்னால் சாகசக் கதையாகப் படிக்கமுடியவில்லை.

பெல்ஜியத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு ஜப்பானியப் பெண்ணை எழுதியதில் கோணல் இல்லையா என்றால், இருக்கிறது. ஆசியா என்றாலே பகோடா, பனிமூட்டம், முன்னோர் சாபம், தியாகம் என்று லெலூவின் கை தானாகப் போய்விடும். ஆனால் அவளுடைய அன்றாடம் வேறு. வேலைக்குப் போகிற, சம்பளம் வாங்குகிற, மேலதிகாரியோடு வாதாடுகிற பொறியாளராகவே அவளைப் பெரும்பாலும் பார்க்கிறோம். அவள் எந்த நாட்டுக்காரி என்பது கதைக்குத் தேவைப்படாத பக்கங்கள்தான் அதிகம், எனக்கு அந்தப் பக்கங்கள்தான் பிடிக்கும்.

இன்னொரு குறை. 1980-களின் நடுப்பகுதி வரை வருஷத்துக்கு ஒன்று என்று வந்த ஆல்பங்கள் அதற்குப் பிறகு மெதுவாகின்றன, அதில் தப்பில்லை, ஆனால் கூட்டம் ஏறிக்கொண்டே போகிறது. மோன்யா, பனித்துளி, கானி, போக்கி, இங்கிரிட், பதினாறாம் நூற்றாண்டு ப்ரூஜ் நகரத்திலிருந்து காலம் தாண்டி வந்து போலோடு சேர்ந்துவிட்ட மீக்கே, 2005-இல் எமிலியா என்று புதிதாக ஒரு விடலைப் பெண் விமானி. ஒரு ஆல்பத்தில் இத்தனை பேருக்கும் ஒரு வரியாவது கொடுக்கவேண்டும் என்றால் கதை எங்கே நகரும்? பேச்சுக் குமிழிகள் வீங்கிப் படத்தை மறைக்கின்றன. இருக்கிற எல்லா இயந்திரத்தையும் யோகோ விளக்கிக்கொண்டிருக்கிறாள். விக் பாவம், ஒரு காலத்தில் இந்தத் தொடரின் நாயகனாக இருக்கவேண்டியவன், பல ஆல்பங்களில் பெட்டி தூக்கவும் கவலைப்படவும் மட்டும் வருகிறான். அவனும் யோகோவும் காதலர்களா என்பதற்கு ஐம்பது வருஷமாக நேரடிப் பதில் கிடையாது, அதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை.

முப்பதாவது ஆல்பம் 2022-இல் வந்தது. அப்போது லெலூவுக்கு 88 வயது. கதையும் படமும் அப்போதும் அவரேதான். தொடரை வேறு ஓவியருக்குக் கொடுத்து ஓட்டுவது பெல்ஜியத்தில் சாதாரணம், ஸ்பிரூ எத்தனை கை மாறியிருக்கிறான். யோகோவை அவர் யாரிடமும் விடவில்லை. இன்னொருவர் பெயருக்குக் கீழே அத்தனை வருஷம் விமானம் வரைந்தவர் விடமாட்டார்தான்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதல் ஆல்பத்தில் தொடங்காதீர்கள். 'வாழ்வின் எல்லையில்', அப்புறம் 'காலச் சுருள்', அப்புறம் 'காற்றின் மகள்'. இந்த மூன்றும் பிடித்திருந்தால் 'விசித்திர மூவர்' எடுங்கள். எடுத்ததும் விக் அவளுக்கு வேலை கொடுக்கிற கட்டத்தைத் தேடிப் பாருங்கள், எனக்குச் சிரிப்பு வந்தது, உங்களுக்கும் வரலாம்.